மருமகனின் பஞ்சுத் திரி

சிகரட்டைக் கைவிட்டவர்கள் பலரை நான் அறிவேன். நெஞ்சுவலி வந்த பின்னர் விட்டவர்கள் உண்டு. விலையேற்றம் தாங்காமல் விட்டவர்களும், மனைவியின் ஏச்சுக்கு அஞ்சி விட்டதாகச் சொல்லிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் பின்னால் நின்று புகைப்பவர்களும் உண்டு. ஆனால் பஞ்சிலே திரி திரிக்கப் பழகியதன் மூலம் சிகரட்டை விட்ட ஒருவனை 2023ஆம் ஆண்டிலேதான் கண்டேன். அவன் என் அக்காவின் மகன். லண்டனில் வளர்ந்தவன். பத்தொன்பது வயதிலிருந்து நாளொன்றுக்கு இருபது சிகரட் ஊதித் தள்ளியவன்.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் அக்கா வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். அவனுடைய மேசையைப் பார்த்தால் மணிக்கூடு திருத்துபவரின் மேசை போல இருக்கும். மெல்லிய கம்பிச் சுருள்கள், சாமணம், நகவெட்டி, சிறிய கத்தரிக்கோல், மின்தடை அளக்கும் ஒரு பெட்டி; இவற்றோடு ஒரு பொதி வெண்பஞ்சு. மின் சிகரட் என்றால் கடையில் வாங்கி, உறிஞ்சி, எறிவது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அவன் வைத்திருந்தது வேறு வகை. ஆவியாக்கும் பகுதியை 'அற்றமைசர்' என்கிறார்கள். அதைக் கழற்றிக் கம்பியையும் திரியையும் தானே மாற்றிக்கொள்ளலாம்.

இதன் இயக்கம் எளியது. பட்டரியின் மின்னோட்டம் கம்பிச் சுருளைச் சூடாக்குகின்றது. சுருளின் நடுவே செல்லும் திரி திரவத்தை இழுத்துவந்து கொடுக்கின்றது. புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் கலந்து, வாசனையும் நிக்கொட்டினும் சேர்த்த அத்திரவம் ஆவியாகின்றது. சீன மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் உருவாக்கிய மின் சிகரட்டில் திரவத்தை ஆவியாக்கியது மீயொலி அதிர்வு. சூடான கம்பியும் திரியும் பின்னரே வழக்காயின. வந்த நாள் முதல் இவற்றைப் பயன்படுத்துவோரின் தலையிடியாக இருப்பது கம்பியைவிடத் திரிதான்.

ஆரம்பத்தில் கண்ணாடியை ஒத்த சிலிக்கா நூற்கயிற்றைத் திரியாக வைத்தார்கள். அது கருகாது, ஆனால் திரவத்தை மெதுவாகவே இழுக்கும், நாளடைவில் உடைந்து இழை உதிரும் என்ற அச்சமும் இருந்தது. சிலர் துருவேறா உருக்கு வலையைச் சுருட்டித் திரியாக்கினார்கள். கம்பியோடு தொட்டு மின்கசியாதிருக்க அவ்வலையை முதலில் நெருப்பில் வாட்டி ஒட்சைட்டுப் படலம் ஏற்றவேண்டும். அது பொறுமைசாலிகளின் வேலை. சிகையலங்கார நிலையங்களுக்கென்று செய்யப்பட்ட ரேயன் பட்டிகளும் சில காலம் பெயர் பெற்றிருந்தன. ரேயன் நனைந்தால் பஞ்சைப் போல உப்பாது. ஆகவே அதைச் சற்று இறுக்கமாக வைக்கவேண்டும். பஞ்சுக்குப் பழகிய கை ரேயனில் தடுமாறும் என்றான் மருமகன்.

கடைசியில் பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் பருத்திப் பஞ்சுதான். எந்தப் பஞ்சும் ஆகுமா என்று கேட்டேன். செடியிலிருந்து பறித்தபடியே உள்ள பருத்தியில் இயற்கை மெழுகு உண்டு. அது திரவத்தை ஏற்காது. மெழுகு நீக்கிச் சுத்திகரித்த பஞ்சு வேண்டும். ஜப்பானியப் பஞ்சட்டைகளையே அவன் விரும்பினான். பெண்கள் முகப்பூச்சுத் துடைக்கும் சதுர அட்டைகள் அவை. மேலும் கீழும் உள்ள அழுத்திய தோலை உரித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பான். இலவம்பஞ்சு எப்படி என்று வேடிக்கையாகக் கேட்டேன். இலவம்பஞ்சு எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரை ஒதுக்கும். உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தது அதனால்தான். மண்ணெண்ணெய்க்குச் சரி, கிளிசரினுக்கு ஆகாது.

இதில் எனக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எங்கள் தலைமுறை படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய பற்பசைக் குழாயின் தகட்டைச் சுருட்டிச் செய்த சிறு குழலிலே நூற்றிரி. போத்தலுக்குள்ளேயே சுடர் நின்று எரியும், காற்றுக்கு அணையாது. பல்கலைக்கழகத்தின் கலைப்பீடப் பாடங்களை அவ்வெளிச்சத்தில்தான் படித்து முடித்தேன். குழலுக்குள் திரி இறுகினால் எண்ணெய் ஏறாது. நுனி கருகிச் சுடர் சாகும். தளர்ந்தால் சுடர் பெருத்துக் கரி கக்கும். ஓர் இரவுக்கு என்று வைத்த எண்ணெய் பரீட்சைக்கு முன்னரே தீர்ந்துவிடும். எத்தனை இழை நூல் என்பதை எவரும் எழுதிவைத்திருக்கவில்லை. விரலுக்குத் தெரியும்.

மருமகன் திரி வைக்கும்போது அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கந்தால் கம்பியை 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணியில் ஆறேழு சுற்றுச் சுற்றிச் சுருளாக்கினான். மின்தடையை அளந்து, திரி இல்லாமலே கம்பியை விட்டுவிட்டுச் சூடாக்கினான். சுருளின் நடுவில் தோன்றிய செம்மை இரு பக்கமும் சீராகப் பரவவேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஒளிர்ந்தால் அவ்விடத்துப் பஞ்சு கருகும். நன்றாக ஆறவிட்ட பின்னர் பஞ்சுப் பட்டி ஒன்றை எடுத்து, ஒரு முனையை முறுக்கிச் சுருளுக்குள் நுழைத்து இழுத்தான்.

"இப்ப பாருங்கோ மாமா. இழுக்கேக்குள்ளை கொஞ்சம் பிடிக்கவேணும். ஆனா கம்பி அசையக்கூடாது."

நனைந்தவுடன் பஞ்சு உப்பும். காய்ந்த நிலையில் இறுக்கமாக இருந்தால், நனைந்த பின் சுருளுக்குள் தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும். திரவம் வரும் வழி அடைபடும். தளர்வாக இருந்தாலோ கம்பிக்கும் பஞ்சுக்கும் இடையே வெளி விழுந்து, திரவம் களகளவென்று கொதித்து வாய்க்குத் தெறிக்கும்.

சுருளுக்கு வெளியே தொங்கும் இரு வால்களில்தான் வேலை அதிகம். தாங்கி வகை அற்றமைசரில் அவை திரவம் வரும் துவாரங்களுக்குள் இறங்கி நிற்கவேண்டும். தாங்கி என்பது கவிழ்த்து வைத்த போத்தல் போன்றது. மேலே உள்ள வெற்றிடம் திரவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றது. ஒவ்வோர் இழுப்பிலும் கொஞ்சம் திரவம் வெளியேற, அதற்கு ஈடாக ஒரு காற்றுக்குமிழ் உள்ளே ஏறும். பஞ்சு வால் அத்துவாரத்துக்குத் தக்கையும் வாய்க்காலுமாக ஒரே நேரத்தில் இருந்தாகவேண்டும். குட்டையாக வெட்டினால் தக்கை இல்லை. சட்டைப்பையில் முழுவதும் ஒழுகிவிடும். நீளமாக விட்டுத் திணித்தால் வாய்க்கால் இல்லை. நாலாவது இழுப்பில் தொண்டை எரியும். அவன் வால்களைச் சீப்புப் போன்ற ஊசியால் கோதி, பாதிப் பஞ்சை உதிர்த்துவிட்டு, துவாரத்தின் வாயில் மெல்ல அமர்த்தினான். அமுக்கவில்லை. பின்பு சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு நனைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்தான். கிளிசரின் கூடிய தடித்த கலவையென்றால் வாலை இன்னும் மெலிதாக்குவானாம்.

விளக்குத் திரிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. விளக்கில் திரியின் நுனி சிறிது கருகினால் கத்தரித்துவிட்டு மேலும் எரிக்கலாம். இங்கே திரி ஒருபோதும் கருகக்கூடாது. புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசில் கொதிக்கின்றது, கிளிசரின் 290இல். ஈரம் இருக்கும் வரை கம்பியின் வெப்பத்தை ஆவியாதல் எடுத்துக்கொள்ளும். ஈரம் வற்றிய கணத்தில் வெப்பம் எகிறிப் பஞ்சும் கருகும், எஞ்சிய திரவமும் சிதையும். அப்போது வரும் சுவையை ஒரு தரம் அறிந்தவன் மறுமுறை இழுக்கமாட்டான்.

செய்தியாளன் என்ற முறையில் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது இவ்விடந்தான். 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' ஏட்டில், போட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். மின் சிகரட்டின் ஆவியில், போமல்டிகைட்டை வெளிவிடக்கூடிய சேர்வைகளை 5 வோல்ற்றில் கண்டதாக அதில் எழுதியிருந்தார்கள். அதே கடிதத்தில் 3.3 வோல்ற்றில் அவை காணப்படவில்லை என்றும் இருந்தது. உலகப் பத்திரிகைகளின் தலைப்புகளில் முதற்பாதி ஏறியது. இரண்டாம் பாதி பல இடங்களில் கடைசிப் பந்திக்குப் போயிற்று. கடைசிப் பந்தி எப்போது வெட்டுப்படும் என்பதைச் செய்தி மேசையில் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதே ஆண்டு, கிரேக்க மருத்துவர் கொன்ஸ்டான்ரினோஸ் பார்சலினோசும் சகாக்களும் 'அடிக்சன்' ஏட்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு அற்றமைசர்கள். ஒன்றில் இரட்டைத் திரி. மற்றையதில் வழமையான ஒற்றைத் திரி. அனுபவமுள்ளவர்களை இழுக்கச்செய்து, கருகல் சுவை வருகின்றதா என்று முதலில் கேட்டார்கள். ஒற்றைத் திரியில் 9, 10 வாற்றுகளில் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இரட்டைத் திரியில் எந்த நிலையிலும் வரவில்லை. பின்னரே கருவியில் பூட்டி அளந்தார்கள். கருகிய நிலையில் அல்டிகைட்டுகள் 30 முதல் 250 மடங்கு வரை கூடியிருந்தன. இரட்டைத் திரியில் அதே 10 வாற்றிலும் மிகச் சொற்பமே.

திரவம், கம்பி, பட்டரி யாவற்றையும் அறிவியலாளர் அளந்தார்கள். எண்களைப் புரட்டிப்போட்டது ஒரு துண்டுத் திரி. ஆய்வுகூடத்தின் புகை உறிஞ்சும் இயந்திரத்துக்கு நாக்கு இல்லை. கருகினாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதனாலே இப்பொருள் தீங்கற்றது என்று எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். நாக்கு ஓர் அளவைக் கருவி ஆகாது. சிறிய மாற்றங்கள் அதற்குப் பிடிபடமாட்டா. நீண்டகால விளைவுகளைச் சொல்லுமளவுக்குக் காலமும் செல்லவில்லை. சிகரட்டை விட முயல்வோருக்கு நிக்கொட்டின் ஒட்டுகளையும் மெல்லுங் கோந்துகளையும்விட மின் சிகரட் அதிகம் உதவுகின்றது என்பதற்குக் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதியான சான்று காட்டுகின்றது. அது புகைத்தவர்களுக்கான செய்தி. கொழும்பிலே பள்ளிச் சீருடையோடு வண்ணவண்ணக் குழல்களை உறிஞ்சும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எதையும் விடுவதற்காக அதைத் தொடவில்லை. அக்குழல்களின் திரி எப்படி இருக்கின்றது என்று எவரும் திறந்து பார்க்கமுடியாது. தீர்ந்தால் பட்டரியோடு குப்பைக்குள் போகும். ஒரு முறை பாவித்து எறியும் அவ்வகையின் விற்பனையை பிரித்தானியா 2025ஆம் ஆண்டு ஆனி 1ஆந் திகதி தடைசெய்தது. என் கணிப்பில் சற்றுப் பிந்திய தடை.

அக்காவுக்கு இவை எவற்றிலும் நம்பிக்கை கிடையாது. "ஒரு சனியன் போய் இன்னொரு சனியன் வந்திருக்கு" என்பாள். ஆனால் மகனுடைய ஜப்பானியப் பஞ்சில் ஒரு பங்கைச் சாமி விளக்குக்குத் திரி உருட்ட எடுத்துக்கொள்வாள்; கடைத் திரி கரி பிடிக்கின்றதாம்.

மருமகன் தொடங்கியபோது திரவத்தில் மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டின் இருந்தது. பின்னர் 12, பின்னர் 6. நான் சென்றிருந்தபோது 3. அண்மையில் தொலைபேசியில் கேட்டேன். இன்னமும் 3இல்தான் நிற்கின்றான். பூச்சியத்துக்கு இறக்கக் குளிர்காலம் கழியட்டும் என்கிறான்.

"சிகரட் தொட்டனியோ?"

"இல்லை மாமா. அஞ்சு வருசமாச்சு."