கொப்பியின் கடைசிப் பக்கம்



தரம் 11 மாணவன் ஒருவன் தவணைப் பரீட்சையில் நிகழ்தகவுக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தான். அவன் கொப்பியைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் பெரிய அட்டவணை, சதவீதங்களோடு.

"இதென்ன மகன்?"

"ஹார்த்ஸ்டோன், சேர்."

2014இல் வந்த காட்ஸ் விளையாட்டு, போனில் ஆடுவது. போட்டிக்கு ஆளுக்கு நான்கு கட்டு, கட்டுக்கு 30 காட்ஸ். எதிராளியின் ஒரு கட்டை நாம் தடுக்கலாம். அவரும் நம்முடையதில் ஒன்றைத் தடுப்பார். மிஞ்சிய மூன்றாலும் ஒவ்வொரு தடவை வென்றாக வேண்டும். ஒன்று சொத்தை என்றாலும் அதிலேயே மாட்டிக்கொள்வோம்.

"பலமான நாலையும் கொண்டுபோனால் சரிதானே?"

"எல்லாரும் அதைத்தான் கொண்டு வருவாங்க சேர். நான் அதை வெல்லுற நாலைக் கொண்டு போவன். அந்த நாலுக்கும் ஆகாத ஒன்றைத் தடுப்பன்."

அதற்காகத்தான் வாராவாரம் யார் எந்தக் கட்டோடு வருகிறார்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறான். ஒரு ஆட்டத்தை வெல்ல 60 சதவீத வாய்ப்பென்றால், எதிராளிக்கு முன் மூன்று ஆட்டம் வெல்ல எவ்வளவு? இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். 68 வந்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் அவன் வாப்பா போனைப் பறித்து வைத்திருக்கிறார். "காட்ஸ் ஹராம்தானே சேர்?" என்று கேட்டார். அதை மௌலவிமாரிடம் கேளுங்கள் என்றேன். காசு விடயத்தில் நானும் வாப்பா பக்கம்தான். உள்ளே எது இருக்கும் என்று தெரியாமலே ஐந்து காட்ஸ் கொண்ட பெக்கட்டைக் காசுக்கு வாங்க முடியும். வேறு சில விளையாட்டுகளில் இப்படி விற்கும் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே சொன்னது. ஒரு சதமும் போடவில்லை என்கிறான் பையன். நம்புகிறேன்.

திங்கட்கிழமை நிகழ்தகவுப் பாடத்தை அவன் அட்டவணையில் தொடங்கப் போகிறேன். போன் இன்னும் வாப்பாவின் அலுமாரியில்.