நகையும் நாமும்

'பாட்டென்றாற் பொருட்செறிவு வேண்டும்' என்று வகுப்பறையிற் பல்லாண்டு முழங்கி வந்தோம் நாம். அந்த முழக்கம் ஒருநாள் அடங்கிய கதையை வாசகர்கட்குச் சொல்ல விழைகின்றோம்.

எமது கல்லூரித் தமிழ் மன்ற விழாவில், மாணவனொருவன் சந்திரபாபுவின் வேடிக்கைப் பாட்டொன்றைப் பாட விரும்பினான். "இஃது இலக்கிய மேடை, கூத்து மேடையன்று" எனக் கூறி, நிகழ்ச்சி நிரலினின்றும் அவன் பெயரை நீக்கினோம். அவன் முகம் வாடியதைக் கண்டும் காணாதவர் போல் இருந்துவிட்டோம்.

அன்று மாலை, வெள்ளவத்தையில் எமது இல்லத்தில், இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு தந்தையாரிடம் உரைத்தோம். அவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். இலங்கை வானொலியின் திரைப்பாடல்களோடு இளமையைக் கழித்தவர்.

"தம்பி, சந்திரபாபு எங்கே படித்தவர் தெரியுமோ?" என்றார். நாம் விழித்தோம்.

தூத்துக்குடியிற் பிறந்த சந்திரபாபு, சிறுவயதிலேயே குடும்பத்துடன் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸிற் கல்வி கற்றவராம். 1943இல் சென்னை சென்ற பின்னரே திரையுலகிற் புகுந்தாராம். குரலைத் திடீரென உச்சத்துக்கு ஏற்றிப் புரட்டும் மேனாட்டு 'யோடலிங்' முறையைத் தமிழ்ப்பாட்டிற் புகுத்தி வெற்றி கண்டவர் அவர்.

"நம் அயலில் ஓடித் திரிந்த பிள்ளையின் பாட்டுக்கா நீர் மேடை மறுத்தீர்?" என்றார் தந்தையார்.

அத்துடன் விட்டாரில்லை. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நினைவூட்டினார். நந்தனார் கதையின் போக்கிலே அமைந்த நகைச்சுவை அது. நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தனோ கல்விக்கு ஏங்கினான். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அச்சிறுவன், ஆசிரியரின் கொடுமைக்கு ஆளாகிப் பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகின்றான். கேட்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். சிரித்து முடிந்ததும் நெஞ்சு சுடும்.

எமக்கும் சுட்டது. அக்கதையில் வரும் ஆசிரியரின் முகத்தில் எமது சாயலைக் கண்டோம். எண்வகை மெய்ப்பாட்டினுள் நகையையே தொல்காப்பியர் முதலில் வைத்தார் என்று ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், அந்நகையை வாயிலிலே நிறுத்திவிட்டோமே!

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "தம்பி, பிழை எம்முடையது, நீர் பாடும்" என்றோம். விழாவன்று மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. முன்வரிசையிற் தந்தையார் கைத்தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எமது காலும் எம்மையறியாமலே தாளமிட்டது. மாணவன் அதனைக் கண்டான். இம்முறை காணாதவன் போலிருந்தவன் அவன்!