வடபாதைக் கடவைகளிலே

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர்க்குப் புகையிரதப் பாதை நல்லதொரு வழித்துணையாகும். சாவகச்சேரி, கொடிகாமம், பளை என ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கழியுந்தோறும், பனங்கூடல்களுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் இடையே அது தோன்றியும் மறைந்தும் உடன்வருகின்றது. ஆனையிறவின் உப்பு வெளியையும் பரந்தன் வயல்களையும் கடந்து செல்லும் அவ்வழியில், நாம் கூர்ந்து நோக்கியவை வீதியிலிருந்து கிளைத்துத் தண்டவாளத்தை ஊடறுத்துச் செல்லும் சிறு ஒழுங்கைகளே.

யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் 1905இல் இணைத்த இப்பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடிற்று. போரின் காரணமாக 1990இல் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதியே புகையிரதம் மீண்டும் யாழ் நகரை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறை புகையிரத ஓசை கேளாமலே வளர்ந்து, வாகனமோட்டவும் பழகிவிட்டது. பாதை திரும்பிற்று; கடவையில் நின்று செவிகொடுக்கும் பழக்கமோ அத்துணை விரைவில் திரும்பவில்லை. அதன் விலையாகக் காவலற்ற கடவைகளில் உயிர்கள் பல பலியாயின.

வீதியோடு ஒட்டிச் செல்லும் பாதையில் ஓர் அபாயம் உண்டு. ஒழுங்கைக்குத் திரும்பும் சாரதிக்குப் புகையிரதம் பின்புறமிருந்து வரக்கூடும். தலையைத் திருப்பினாலன்றி அது தென்படாது. உழவு இயந்திரத்தின் இரைச்சல் ஊதொலியை மறைக்கும். பேருருவம் தொலைவில் மெல்ல வருவதாகக் கண்ணும் ஏமாற்றும். ஆயினும், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 28 மீற்றரைக் கடக்கிறது. இயந்திரச் சாரதி தடையை அழுத்திய பின்னும், அது நிற்பதற்குப் பல நூறு மீற்றர் தூரம் வேண்டும்.

மோதினால் சாரதிக்கு நேர்வது யாது? நம் நாட்டில் அவர் வலப்புறத்தே அமர்கிறார். வலப்புறமிருந்து வரும் புகையிரதத்துக்கும் அவர் விலாவுக்கும் இடையே இருப்பது மெல்லிய கதவொன்றே. முச்சக்கர வண்டியில் அதுவுமில்லை. முதலில் வாகனம் நசுங்குகின்றது; அடுத்து உடல் கதவிலே மோதுகின்றது; பின்னர் உடலினுள்ளே ஈரலும் மண்ணீரலும் விலா எலும்புகளோடு மோதிக் கிழிகின்றன. இடுப்பெலும்பு முறிவதும், தலை கண்ணாடியில் அடிபட்டு மூளை கலங்குவதும் உண்டு. ஆசனப்பட்டி அணியாதவர் வெளியே வீசப்பட்டுச் சில்லுகளுக்கு இரையாகலாம். ஒரு கீறலுமின்றி எழுந்து நடந்தவர், உள்ளே குருதி கசிந்து சில மணி நேரத்தில் மயங்கி விழுதலும் கூடும். ஆகவே, “காயமொன்றுமில்லை” என்று அவரை வீட்டுக்கு அனுப்புதல் தகாது.

இவ்வாபத்து வடக்குக்கு மட்டும் உரியதன்று. 2005 ஏப்பிரல் 27ஆந் திகதி, பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரைக் கடவையில், புகையிரதத்தை முந்திச் செல்ல முயன்ற பயணிகள் பஸ் ஒன்று மோதுண்டு 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சாரதியொருவரின் அவசரம் அவரோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விபத்து நேர்ந்துவிட்டால், உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். தீயோ, மற்றொரு புகையிரதமோ அச்சுறுத்தினாலன்றிச் சாரதியைக் கையைப் பற்றி இழுத்தெடுத்தல் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருப்பின், அவ்வுதவியே அவரை வாழ்நாள் முழுதும் முடக்கிவிடும். அவர் தலையை அசையாது தாங்கி, குருதி பெருகுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். குடிக்க நீரும் கொடுத்தலாகாது.

இவையெல்லாம் துன்பம் வந்தபின் செய்வன. வாராமற் காப்பதோ மிக எளிது. கடவையை அணுகியதும் வண்டியை முற்றாக நிறுத்துக, பாட்டொலியை அடக்குக, இருபுறமும் நோக்குக, ஒரு புகையிரதம் சென்றபின் மற்றொன்று வருகிறதா என்றும் பார்க்குக. இதற்கு அரை நிமிடம் போதும். வாகனமோட்டப் பழகும் இளைஞர்க்கு வீட்டிலுள்ள பெரியோர் முதற் பாடமாக இதனைக் கற்பிப்பாராக.