எரிச்சல்தான் மூலதனம்!

காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடிப்பவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பெட்டியில் இருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்குப் போகிறார்கள். மீதிப் பேர் ஆபீஸை விட்டுவிடப் போகிறார்கள். குரோம்பேட்டை வருவதற்குள் புதுக் கம்பெனிக்குப் பெயர் வைத்தாகிவிடும். பல்லாவரத்தில் லோகோ ரெடி. மீனம்பாக்கத்தில் விசிட்டிங் கார்டு. கிண்டியில் இறங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருக்கும்: ‘அது சரி மச்சி, நாம என்ன விக்கப் போறோம்?’

கிண்டல் இல்லை சார். சொந்தத் தொழில் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நான் பி.காம். படித்தவன். எங்கள் கணக்குப் பாடத்தில் தொழில் என்பது மூலதனத்தில் ஆரம்பிக்கும். முதல் பதிவே ‘ரொக்கம் பற்று, மூலதனம் வரவு’. அந்த ரொக்கம் யார் வீட்டுப் பீரோவிலிருந்து வருகிறது என்று பாடப் புத்தகம் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் அது சித்தப்பா வீட்டுப் பீரோவிலிருந்து வர இருந்தது.

சித்தப்பா 31 வருஷம் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் வந்தது 14 லட்சம். சித்தியின் முழங்கால் ஆபரேஷனும் தங்கையின் கல்யாணமும் அந்தப் பணத்தைப் பார்த்தபடி வரிசையில் நின்றன. நடுவில் புகுந்தான் தம்பி.

“அண்ணே, தண்ணி லாரிக்கு ஒரு ஆப். பட்டனை அமுக்கினா லாரி வாசலுக்கு வந்துடும். எட்டு லட்சம் போட்டா போதும். வேலைய விட்டுடறேன். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்.”

சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரி என்பது சொந்தக்காரர் மாதிரி. கோடை வந்தால் வந்துவிடும். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே... அந்தக் கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் யோசனை மோசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

“யார்கிட்டயாவது கேட்டியாடா?”

“இருவது பேர்கிட்ட சொன்னேண்ணே. எல்லாரும் சூப்பர்னாங்க!”

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் ஊரில் ‘சூப்பர்’ என்ற வார்த்தைக்கு விலையும் கிடையாது, வரியும் கிடையாது. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாருக்கும் சூப்பர்தான். நாலு பேர் சொன்ன சூப்பரை நம்பி நாற்பது ரூபாய் போடலாம். சித்தியின் முழங்காலைப் போடலாமா?

அவனுக்குக் கீழ்க்கட்டளைக் கதையைச் சொன்னேன். மேடவாக்கம் போகிற பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிறோமே, அதே கீழ்க்கட்டளைதான்.

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தார். வந்த சாமான்களில் டி.வி. உடைந்திருந்தது. இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் போன், மெயில் என்று மாதக்கணக்கில் அலைந்தும் பணம் வரவில்லை. கடைசியில், தாயகம் திரும்புகிறவர்கள் பேசிக்கொள்ளும் ஓர் இணைய மேடையில் நடந்ததை எழுதிப் போட்டார். கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார். பணமும் உடனே வந்து சேர்ந்தது!

நாமாக இருந்தால் அந்தப் பணத்தில் புது டி.வி. வாங்கி மேட்ச் பார்க்க உட்கார்ந்திருப்போம். அவர் வேறு மாதிரி பார்த்தார். ‘வாடிக்கையாளர் இப்போது ஊர் அறியப் புகார் சொல்கிறார். அதை உடனே பிடித்துப் பதில் சொல்லக் கம்பெனிகளிடம் சரியான கருவி இருக்கிறதா?’

அப்போதும் அவர் வேலையை விடவில்லை. 2010-ல் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. ஜென்டெஸ்க் என்ற அமெரிக்க கம்பெனி இதே மாதிரி மென்பொருளின் விலையை ஏற்ற, அதை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். கவனியுங்கள். அவர்கள் ‘சூப்பர்’ சொன்னவர்கள் இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டு, எரிச்சலிலும் இருந்தவர்கள். அதைப் பார்த்த பிறகுதான் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் ஃப்ரெஷ்டெஸ்க்கை ஆரம்பித்தார். மெயில், போன், ஃபேஸ்புக், ட்விட்டர் என்று எந்த வழியில் புகார் வந்தாலும் ஒரே இடத்தில் பார்த்துப் பதில் சொல்லும் மென்பொருள். 2011-ல் வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். 2017-ல் கம்பெனியின் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. ரஜினி ரசிகரான அவர் அந்தப் பங்கு வெளியீட்டுக்கு வைத்த ரகசியப் பெயர் ‘ப்ராஜெக்ட் சூப்பர் ஸ்டார்’.

“பாத்தீங்களா, நானும்...” என்று தம்பி எழுந்துவிட்டான். உட்கார வைத்தேன். டி.வி. உடைந்த எல்லோரும் நாஸ்டாக் போய்விட முடியாது. அவர் அதற்கு முன் ஜோஹோவில் பல வருஷம் இதே வகை மென்பொருளில் வேலை பார்த்தவர். எரிச்சல் வாடிக்கையாளருடையது, அதைத் தீர்க்கும் கை தன்னுடையது என்று இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் மட்டும் இல்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன், பாட்டில் வாங்க வசதி இல்லாதவரும் வாங்கட்டும் என்று ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைக்க வழி கண்ட முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைப் பாக்கெட்டிலேயே ஊர் ஊராகக் கொண்டு போனார். கிராமத்து அம்மாவுக்குத் தலைக்கு ஷாம்பு வேண்டும். முழு பாட்டிலுக்கு மொத்தமாகக் காசு இல்லை. இருந்த பிரச்னை அவ்வளவுதான்.

தம்பிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். “இன்னும் நாப்பது வீட்டுக்குப் போ. ‘ஆப்’ங்கற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. ‘ஆரம்பிச்சா வாங்குவீங்களா’ன்னும் கேக்காதே. மூணே கேள்வி. கடைசியா எப்ப லாரி வாங்கினீங்க? அன்னிக்கு என்ன கஷ்டம்? அதனால எதை இழந்தீங்க?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்திலும் சேலையூரிலும் வெயிலில் அலைந்துவிட்டு, நாற்பது பக்க நோட்டோடு வந்தான். முகம் மாறியிருந்தது.

“அண்ணே, லாரியைக் கூப்பிடறதுல ஒருத்தருக்கும் கஷ்டமே இல்லை. எல்லார்கிட்டயும் டிரைவர் நம்பர் இருக்கு.”

“அப்புறம்?”

“காத்திருக்கறதுதான் கஷ்டம்! காலையில வர்றேன்னு சொல்லிட்டு மத்தியானம் வர்றான். பேங்க்ல வேலை பாக்கற ஒரு அம்மாவுக்கு லாரிக்காகவே மூணு லீவு போச்சாம். ஒரு வீட்டுல கேட் பூட்டியிருந்துச்சுன்னு லாரி திரும்பிப் போயிடுச்சு. அதுக்கும் காசு வாங்கிட்டாங்களாம்.”

லாரிக்காரர்களையும் கேட்டிருந்தான். வண்டி ஓட்டும்போது போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க முடியவில்லை, எடுக்காவிட்டால் திட்டு என்று அவர்களுக்கு ஒரு தனி எரிச்சல்.

பட்டனை அமுக்கினால் லாரி வரும் என்பது அவனுடைய கனவு. லாரி வரும்போது சம்ப் மூடியைத் திறக்க ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய பிரச்னை. எட்டு லட்சம் போய்விடக்கூடிய இடைவெளி இது.

அந்த ஆப் வரவே இல்லை. பழைய செல்போன் ஒன்று, நோட்டு ஒன்று, மூன்று லாரிகள். லாரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, வருவதற்கு அரை மணி முன்னால் வீட்டுக்காரருக்குத் தகவல். வீட்டில் ஆள் இல்லையென்றால் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் போய் மூடியைத் திறந்து, தண்ணீர் நிறைந்ததும் மூடிவிட்டு வருவார். ஒரு லோடுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல், அதில் பாதி அவருக்கு. மொத்தச் செலவு 3,200 ரூபாய். தம்பி வேலையை விடவில்லை. பகலில் போனை எடுத்தவர் யார் தெரியுமா? சித்தி! உட்கார்ந்த இடத்திலிருந்தே, “லாரி கேம்ப் ரோடு தாண்டிடுச்சும்மா, அடுப்பை நிறுத்திட்டு வாசலுக்குப் போ” என்று சொல்லும் கஸ்டமர் கேர் எந்தப் பெரிய கம்பெனியிலும் கிடையாது.

கோடை முடிவதற்குள் 11 வீடுகள் நிரந்தரமாகச் சேர்ந்தன. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் போன் அடங்கிப் போனது. ‘இது ஆறு மாச வியாபாரம்’ என்பதையும் தம்பி 3,200 ரூபாயிலேயே தெரிந்துகொண்டான். அந்த மழைக்காலத்தில்தான் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. மீதிப் பணம் சித்தப்பா பெயரில் டெபாசிட்டில் இருக்கிறது. மழை மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று தம்பி மறுபடி நோட்டோடு தெருவில் இறங்கியிருக்கிறான். பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் மழையில் எரிச்சலுக்கா பஞ்சம்?

நீங்களும் ஏதாவது ஆரம்பிக்கப் போகிறீர்களா? பெயர், லோகோ, விசிட்டிங் கார்டு எல்லாம் மெதுவாகச் செய்துகொள்ளலாம். முதலில் உங்கள் தெருவில் யார் எதற்காக லீவையோ காசையோ தூக்கத்தையோ இழந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இழப்பே இல்லாத இடத்தில் பிரச்னையும் இல்லை, வியாபாரமும் இல்லை.

கேட்கப் போன இடத்தில் உங்கள் ஐடியாவை யாராவது ‘சூப்பர்’ என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திட்ட ஆரம்பித்தால் மட்டும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள்!