தோற்றாலும் பதவி போவதில்லை

வருடத்துக்கு நான்கு தடவை வரை எங்கள் தபால்பெட்டியில் தடித்த கடித உறையொன்று வந்து கிடக்கும். எனக்கல்ல, சுவிஸ் குடியுரிமை பெற்ற மகளுக்கு. உள்ளே வாக்குச்சீட்டுகள், கையொப்பமிட வேண்டிய அட்டை, சிவப்பு நிறக் கையேடு. ஆதரிப்பவர் வாதம், எதிர்ப்பவர் வாதம், அரசாங்கத்தின் பரிந்துரை எல்லாம் அதில் இருக்கும். கையேட்டை முதலில் வாசித்து முடிப்பது நான்தான். "வாசிக்கிறது நீங்கள், போடுறது நான்" என்று சிரித்தபடி சீட்டில் பதிலை எழுதுவாள். அட்டையில் கையொப்பம் விடுபட்டால் வாக்குச் செல்லாது.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் வேண்டாம் என்றது அரசாங்கம். மார்ச் 3ஆம் திகதி 58 சதவீதத்தினர் வேண்டும் என்றார்கள். ஓய்வு வயதை உயர்த்தும் யோசனையை அதே நாளில் நாலில் மூன்று பங்கினர் நிராகரித்தார்கள். ஜூனில் மின்சாரச் சட்டத்தில் அரசாங்கம் வென்றது. செப்டம்பரில் தொழில்வழி ஓய்வூதியச் சீர்திருத்தத்தில் தோற்றது. நவம்பரில், ஏறத்தாழ 500 கோடி பிராங்க் செலவில் அதிவேக வீதிகளை விரிவாக்கும் திட்டமும் விழுந்தது.

ஒருவரும் பதவி விலகவில்லை. அப்படியொரு வழக்கமே இங்கில்லை. நான்கு கட்சிகளைச் சேர்ந்த ஏழு அமைச்சர்களும் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். ஜனாதிபதிப் பதவியும் அவர்களுக்குள்ளேயே ஆண்டுக்கொருவராகச் சுற்றிவரும். அந்த வருடம் வியோலா அம்ஹெர்ட். அடுத்த வருடத்துக்கு டிசம்பரில் கரின் கெல்லர்-சுட்டரைத் தெரிவுசெய்தார்கள். நான் பிறந்த இலங்கையில் ஜனாதிபதி பெயர் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

வாக்கு ஆளுக்கல்ல, கேள்விக்கு விழுகிறது. அதனால் தோற்றவருக்கு மானம் போவதில்லை. வென்றவர் வெடி கொளுத்துவதுமில்லை. தோற்ற கேள்வி சில வருடங்களில் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

ஆனால் அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுப்பவர் யார்? பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று 1959இல் ஆண்களைக் கேட்டார்கள், மறுத்தார்கள். 1971இல்தான் சம்மதித்தார்கள். வெளிநாட்டவர் பிள்ளைகளின் குடியுரிமையை இலகுவாக்கும் யோசனை 2004இல் தோற்றது. மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் 2017இல் வழி திறந்தது. நாட்டில் வாழ்பவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் வரி கட்டியும் வாக்கில்லாதவர்கள். நானும் அவர்களில் ஒருவன். சுவிஸ்காரரின் பொறுமையை நானும் மெச்சுகிறேன். ஆனாலும் அந்தப் பொறுமை, தன் பெயருக்கு உறை வந்து சேருகிறவருக்குத்தான் சுலபம்.