பக்கவாட்டில் வழியும் நீர்



சென்ற மாதம் ஒரு மாலையில் என் இளைய மகன் என்னைச் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரைக்கு அழைத்தான். ஓராண்டாகச் சேமித்த பணத்தில், ரேடியோவால் இயங்கும் சிறு மின்படகு ஒன்றை அவன் செய்து முடித்திருந்தான். இரண்டு வீட்டுச் சந்திப்புகளுக்கு நடுவே, கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நான் போய் நின்றேன்.

படகை நீரில் விடுமுன் அவன் எனக்கு விளக்கினான். மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மூடிய படகுக்குள் விரைவில் சூடேறிவிடும். ஆகையால் புரொப்பெல்லருக்குப் பின்னே ஒரு சிறு குழாய்முனை வைத்திருக்கிறான். படகு முன்னேறும்போது நீர் அதனுள் தானே புகுகிறது. தனியாகப் பம்பு கிடையாது. சிலிகான் குழாய் வழியே அந்நீர் கட்டுப்பாட்டுக் கருவியையும் மோட்டாரைச் சுற்றிய உறையையும் கடந்து, வெப்பத்தை ஏந்திக்கொண்டு, பக்கவாட்டுத் துளையில் நூல்போல வெளியேறுகிறது.

"அந்த நீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா. நின்றால் உடனே சொல்லுங்கள்" என்றான்.

படகு சீறிப் பாய்ந்தது. எனக்கு மறுபடியும் ஓர் அழைப்பு வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஏரியின் நடுவே புகை எழும்பிக்கொண்டிருந்தது. கரை சேர்ந்த படகில், குழாய்முனையை அடைத்திருந்தது ஓர் இழை பாசி; அவ்வளவுதான். கருவி கருகிப்போயிருந்தது.

அவன் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அப்பா, உங்களுக்கு வேலை இருந்தது" என்றான். அந்தச் சொல் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. எத்தனை காலமாக இப்படிச் சொல்லப் பழகியிருக்கிறான்!

மறுவாரம் மாமல்லபுரம் கடற்கரையில் நம் சபையின் மீனவ சகோதரர் ஒருவர் தம் படகின் வெளிப்பொருத்து இயந்திரத்தை முடுக்கினார். முதலில் அவர் பார்த்தது கடலையன்று. இயந்திரத்திலிருந்து பீறிடும் குளிர்விப்பு நீரையே. கரை திரும்பியபின் உப்பு படியாதிருக்க நன்னீர் விட்டு அலசுவாராம்.

அதே கரையில் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கேயும் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரே, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கடலடிச் சுரங்கம் வழியே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் பம்பு அறைக்குள் வெள்ளம் ஏறியபோது, பணியிலிருந்தவர்கள் விழிப்பாயிருந்து, இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சிறு படகோ பெரிய நிலையமோ, சூடேறுவது குற்றமன்று. உழைப்பது எதுவும் சூடேறும். நீரோட்டம் நின்றதைக் கவனியாதிருப்பதே ஆபத்து.

ஊழியத்தின் வெப்பத்தைக் குறித்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். என் வீட்டில் மெல்லிய நூலாய் வழிந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோவதை நான் காணவில்லை. அதை அடைத்தது பெரும் பாறையன்று. 'இன்னும் ஒரே ஓர் அழைப்பு' என்னும் பாசியிழைதான்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். புதிய கருவிக்குப் பணம் தருகிறேன் என்றேன். "பாதி போதும் அப்பா. ஆனால் அடுத்த முறை நீங்கள் பார்க்க வேண்டும்" என்றான். அன்று என் கைப்பேசி வீட்டில் இருக்கும்.

அன்பானவர்களே, "இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று உங்களிடம் ஒப்புவித்தவர் யார்? இந்த வாரம் அவரருகே சற்று நேரம் நில்லுங்கள். காணும் கண்களைத் தேவன் நமக்குத் தருவாராக. ஆமென்.