செக்கின் பின்புறம்

1938 மார்ச் 1 தேதியிட்ட ஒரு செக்கின் நகல் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அதை ஏதோ மோசடிக் கேஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை. தொகை 412 டாலர். கொடுத்தது நியூயார்க்கில் இருந்த டிடெக்டிவ் காமிக்ஸ் என்ற கம்பெனி. பெறுபவர்கள் கிளீவ்லாந்தில் வசித்த ஜெர்ரி சீகெல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். ஆளுக்கு 23 வயது. இருவர் பெயரும் செக்கில் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் பின்புறம் ஒவ்வொருவரும் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை கம்பெனி எழுதிய தப்புப் பெயரில்; இன்னொரு தடவை சொந்தப் பெயரில்.

இந்த விதி எனக்குத் தெரியும். பாங்குப் பரீட்சைக்காக உருப்போட்டது. பெறுபவர் பெயர் பிழையாக இருந்தால் முதலில் அதே பிழையோடு கையெழுத்திட வேண்டும், அப்புறம் தன் வழக்கமான கையெழுத்தைப் போட வேண்டும். என் சர்வீஸில் ஒரு நாளும் அதைப் பயன்படுத்த நேர்ந்ததில்லை. தன் பெயரைத் தானே தப்பாக எழுதினால்தான் ஒருவனுக்கு அவன் பணம் கிடைக்கும் என்பதில் இருக்கிற குரூரம் பாடப்புத்தகத்தில் தெரியவில்லை.

412 டாலரின் கணக்கு செக்கிலேயே இருக்கிறது. டிடெக்டிவ் காமிக்ஸ் இதழுக்காக 210. அட்வெஞ்சர் காமிக்ஸுக்கு 36, மோர் ஃபன் காமிக்ஸுக்கு 36. சூப்பர்மேனுக்கு 130. 130 டாலருக்கு சூப்பர்மேனை விற்றுவிட்டார்கள் என்று காமிக்ஸ் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு இது சரியாகப் படவில்லை. ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் கதை 13 பக்கம். பக்கத்துக்கு 10 டாலர் கூலி. ஆக, இந்தத் தொகை முழுவதும் பக்கக் கூலி. அந்தச் சிருஷ்டிக்கு, அதன் மேல் என்றென்றைக்குமான பாத்யதைக்கு, கணக்கில் தனியாக ஒரு வரிகூட இல்லை. அது வேறொரு காகிதத்தில் கையெழுத்தோடு போய்விட்டது. மலிவாக விற்றார்கள் என்று சொல்லி வருத்தப்படுவதற்குக்கூட ஒரு விலை வேண்டும்.

எனக்கு இதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. ஆறேழு வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பத்திரிகையில், படைப்பு மட்டுமே நம் கவலை, பெயர் வெறும் தபால் விலாசம் என்று எழுதினேன். பி.ஏ. ஆங்கிலத்தோடு இலவசமாகக் கிடைத்த தைரியம். ரோலான் பார்த்தின் 1967ஆம் வருஷத்துக் கட்டுரையைப் படித்திருந்தேன். தலைப்பைப் படித்திருந்தேன் என்று சொல்வது நியாயம். நண்பர்கள் யாரும் மறுக்கவில்லை. முந்நூறு பிரதி அச்சாகிற இடத்தில், பெயரில் ஆசையில்லாதவர்கள் போல் பாவனை செய்துகொண்டு எழுதுகிறவர்கள்தானே நாம். ஆனால் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொல்ல அவன் முதலில் பிறந்திருக்க வேண்டும். அவனைப் பிறக்கவே விடாத ஒரு தொழிலில் அந்த வாக்கியத்தை யார் சொல்வார்கள்? கம்பெனி வக்கீல் சொல்வார். நம்மைவிடத் தெளிவாக.

இந்த விஷயத்துக்குள் நான் வந்த வழி ஒரு டிரங்குப் பெட்டி. அம்மாவின் தம்பி, என் மாமா, எண்பதுகளில் வாங்கிய லயன் காமிக்ஸ் இதழ்களை அதில் பூட்டி வைத்திருந்தார். கோடை விடுமுறையில் சாவி கிடைக்கும். அவற்றில் என்னைப் பிடித்துக்கொண்டது ஸ்பைடர். கூர்மையான காதுகள், நெற்றியில் குத்தி இறங்கும் கறுப்பு முடி, வலை வீசும் துப்பாக்கி, ஹெலிகார். தன்னைப் பற்றித் தானே ஓயாமல் பிரகடனம் செய்துகொண்டிருக்கும் ஆசாமி. குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வந்து, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடப் போனவன். பத்து வயதில் அந்தப் படங்களை வெண்ணெய்க் காகிதம் வைத்து நகலெடுத்து, மூலையில் என் பெயரை எழுதிவைத்தேன். மாமா பார்த்துவிட்டு, “பரவால்லியேடா” என்றார். அந்தக் கோடுகள் யாருடையவை என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. யாரோ வரைந்தது என்ற எண்ணமே இல்லை. மழை மாதிரி அது பாட்டுக்கு வந்தது.

அது 1965இல் பிரிட்டனில் தொடங்கியது. அங்கேயும் பத்திரிகையின் பெயர் லயன்தான். எழுதியது டெட் கோவன், வரைந்தது ரெக் பன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளில் இவர்கள் பெயர் போடும் வழக்கமே கிடையாது. அங்கே இல்லாத பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்? முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு கோவன் விலக, எழுத வந்தவர் ஓர் அமெரிக்கர். ஜெர்ரி சீகெல்.

இது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுவில் நடந்தது இதுதான். 1947இல் சீகெலும் ஷூஸ்டரும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 1948இல் ஏறத்தாழ 94,000 டாலரோடு சமரசம். அதோடு அதுவரை சூப்பர்மேன் பக்கங்களில் வந்துகொண்டிருந்த அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. 1959இல் சீகெல் அதே கம்பெனிக்குத் திரும்பி, தான் உண்டாக்கிய பாத்திரத்துக்கே பெயரில்லாத கூலியாகக் கதை எழுதினார். அறுபதுகளின் நடுவில் மறுபடியும் உரிமைப் பேச்சு எழுந்தது, அந்த வேலையும் போயிற்று. அப்புறம்தான் கடல் தாண்டி இந்த ஸ்பைடர். தன் பெயரை ஒவ்வொரு சட்டத்திலும் உரக்கச் சொல்லிக்கொள்ளும் ஒரு கதாநாயகனை, பெயர் பறிபோன ஒருவர், பெயர் போடாத பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். இதில் அர்த்தம் காண எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தத் தற்பெருமை கோவன் காலத்திலேயே இருந்ததுதான். விமர்சகன் தனக்குப் பிடித்த இடத்தில் எப்படிச் சறுக்குகிறான் என்பதற்கு இதையே உதாரணமாகக் கொள்ளலாம்.

பெயரைக் கோட்டிலேயே கண்டுகொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கண் இருந்தால் போதும், கையெழுத்து எதற்கு? ஓரளவு உண்மை. பன்னின் குறுக்குக் கோடுகளை இன்று இருட்டிலும் அடையாளம் சொல்வேன். ஆனால் பேட்மேன் சமாச்சாரத்தில் கோடு உதவாது. 1939இல் பாப் கேன் வரைந்து கொண்டுவந்தது சிவப்பு உடையும் விறைத்த சிறகுகளும் கொண்ட ஓர் உருவம். முகத்தை மூடும் காதுவைத்த முகமூடி, துணியாகத் தொங்கும் அங்கி, சாம்பல் நிறம், புரூஸ் வேய்ன் என்ற பெயர், முதல் கதை — எல்லாம் பில் ஃபிங்கர் கொடுத்தவை. அவர் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். ஒப்பந்தம் கேன் பெயரில். ‘பாப் கேன்’ என்ற கையெழுத்து, பிறகு அவர் தொடாத பக்கங்களிலும் வந்தது. ஷெல்டன் மோல்டாஃப் 1953 முதல் 1967 வரை அந்தக் கையெழுத்துக்குப் பின்னாலிருந்து வரைந்தார். 1965இல் ஒரு ரசிகர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் கேன் ஃபிங்கரின் பங்கை மறுத்தார். ஃபிங்கர் 1974இல் இறந்தார். 1989இல் தன் சுயசரிதையில் கேன் வருத்தப்பட்டுக்கொண்டார்.

2015இல் அறிவிப்பு வந்தது. இனி ‘பாப் கேன், பில் ஃபிங்கருடன்’ உருவாக்கியது என்று போடுவார்களாம். அந்த ‘உடன்’ ஆங்கிலத்தில் ஃபிங்கரை ஒரு படி கீழே நிறுத்துகிறது. தமிழில் வேடிக்கை. இருவர் ஒரு வினை செய்யும்போது ‘ஒடு’ உயர்ந்தவரோடு சேரும் என்கிறது தொல்காப்பியம். ஆசிரியரோடு மாணாக்கன் வந்தான் என்போம். வக்கீல்கள் தமிழ் இலக்கணம் படித்திருந்தால் வேறு வார்த்தை தேடியிருப்பார்கள்.

ஜாக் கிர்பியின் கதையில்தான் காகிதம் முக்கியமாகிறது. அறுபதுகளில் மார்வெல் கம்பெனி வேலை செய்த முறையில், பேச்சில் முடிவான ஒரு கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு — சில சமயம் அதுகூட இல்லாமல் — ஓவியர் இருபது பக்கத்தையும் வரைந்துவிடுவார். வசனம் அப்புறம் சேர்க்கப்படும். கதை எழுதியவர் யார்? அச்சான இதழில் ஸ்டான் லீ என்று இருக்கும். கிர்பி பென்சிலில் வரைவார், வேறொருவர் மை போடுவார், பென்சில் அழிக்கப்படும். வின்ஸ் கொலெட்டா மாதிரி அவசரக்காரர் கையில் சில உருவங்களே அழிந்துபோயின. ஆனால் பெரிய அளவில் வரையப்பட்ட அந்த மூலப் பக்கங்களின் ஓரத்தில், அச்சில் வெட்டுப்படும் வெள்ளைப் பகுதியில், கிர்பியின் கையெழுத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன. இந்தச் சட்டத்தில் என்ன நடக்கிறது, யார் என்ன நினைக்கிறான், அடுத்தது ஏன் அப்படி. கதையின் பிறப்புச் சான்றிதழ் அந்த ஓரத்தில் இருந்தது. வாசகன் கண்ணில் படாத இடத்தில்.

அதனால்தான் அந்தப் பக்கங்களுக்காக அவர் அப்படிப் போராடினார் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பெனிக்கு அவர் வரைந்தவை பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் இருக்கும். மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிர்பிக்கு 1984இல் நாலு பக்கப் படிவம் போயிற்று. கையெழுத்திட்டால் 88 பக்கங்கள் கிடைக்கும் என்று. மறுத்தார். 1987இல் ஏறக்குறைய 2,000 பக்கங்கள் வந்தன. மற்றவை? சில திருட்டுப்போய் விலைக்கு வந்தன, சில குப்பைக்குப் போயின. வாரிசுகளோடு சமரசம் 2014இல். அவர் இறந்து 20 வருஷம் கழித்து.

எழுபதுகளில் அதே கம்பெனி கொடுத்த செக்குகளின் பின்புறத்தில் ஒரு வாசகம் அச்சாகியிருந்தது. இந்த வேலையின் எல்லா உரிமைகளையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன் என்று. அதன் கீழே கையெழுத்துப் போட்டால்தான் பணம். கோஸ்ட் ரைடர் பாத்திரத்துக்காக கேரி ஃபிரெட்ரிக் போட்ட வழக்கில் அந்தக் கையெழுத்துகள் சாட்சியாக வந்தன. 2011இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு; 2013இல் மேல்கோர்ட்டு அதை ரத்து செய்தது. வாடகை கட்டவேண்டிய நாளில் செக்கைத் திருப்பிப் பார்த்து, படித்துவிட்டு, பேனாவைத் திறக்கும் ஒருவனை என்னால் நன்றாகக் கற்பனை செய்ய முடிகிறது. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிற முகம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அயோக்கியத்தனம். ஷூஸ்டருக்குக் கண் பார்வை சின்ன வயதிலிருந்தே மோசம். வேலை பெருகியதும் கிளீவ்லாந்தில் ஆட்களை வைத்து வரைவித்தார். பால் கேசிடி, வேய்ன் போரிங் போன்றவர்கள் வரைந்த பக்கங்களிலும் சீகெல், ஷூஸ்டர் என்றே இருந்தது. சூப்பர்மேனின் முகத்தை மட்டும் கொஞ்ச காலம் தானே வரைந்தாராம். கோடுகளாகக் குறுகிய அந்தக் கண்கள். பறிகொடுத்தவருக்கும் நிழல்கள் இருந்தார்கள். இதனால் அவருக்கு நடந்தது நியாயமாகிவிடாது. ஆனால் என் பழைய வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு நிம்மதியாக உட்கார முடியவில்லை.

1975இல் சீகெல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. ஷூஸ்டருக்குக் கிட்டத்தட்டப் பார்வை இல்லை. நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டதில், அந்த டிசம்பரில், ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும் பெயரும் கிடைத்தன. அந்த 412 டாலர் செக் 2012இல் ஏலத்தில் 160,000 டாலருக்குப் போயிற்று. இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் சாவி வாங்கினேன். இப்போது கேட்காமலே கொடுத்துவிடுகிறார். ஸ்பைடர் இதழ்களை எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதினேன்: கதை, ஜெர்ரி சீகெல்; படம், ரெக் பன். முதல் இரண்டு கதைகளுக்கு டெட் கோவன். ஒரு இதழில் அட்டையும் முதல் நாலு பக்கமும் இல்லை. கோவனா சீகெலா என்று மத்தியானம் முழுக்கப் புரட்டினேன். பன்னின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.